ஆரத்தித் தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்: குழந்தைகளோடு அடுப்படி அறிவியல்

என் மகளுக்கு ஏழு வயதிருக்கும். உறவில் ஒரு கல்யாணம். ஆரத்தி கரைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தை தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளைப் போட்டார்கள். பிறகு விரல் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்துக் குழைத்தார்கள். தட்டு முழுக்கச் சிவந்துவிட்டது. "வெள்ளையைப் போட்டா எப்படி அத்தை சிவப்பாகும்?" என்று கேட்டாள். மஞ்சளோடு வெள்ளை சேர்ந்தால் வெளிர்மஞ்சள்தானே வரவேண்டும்? சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஆரத்தி பார்த்த எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் சோதனை நேரம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு இதைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்காக, எங்களுக்கு நன்றாக வந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். கடையில் விற்கும் சோதனைப் பெட்டி எதுவும் வேண்டாம். மளிகை டப்பாக்களே போதும்.

முதலில் ஒரு சும்மா டம்ளர்

பொருள்களைச் சேகரிக்கும் முன் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேடிக்கைக்கும் அறிவியலுக்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. எந்தச் சோதனை செய்தாலும், எதுவுமே சேர்க்காத ஒரு டம்ளரைப் பக்கத்தில் வையுங்கள். பாடப்புத்தகத்தில் அதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். என் மகள் அதைச் 'சும்மா டம்ளர்' என்பாள். எலுமிச்சை சேர்த்ததால்தான் நிறம் மாறியதா, அல்லது வெறும் தண்ணீரிலேயே மாறியிருக்குமா? சும்மா டம்ளரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தண்ணீரின் அளவு, பாத்திரம், வைக்கும் இடம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும்.

தேவையானவை: ஒரே மாதிரியான ஆறு கண்ணாடி டம்ளர்கள், ஓர் அளவு ஸ்பூன் (இங்கே ஸ்பூன் என்று சொல்வதெல்லாம் 5 மில்லி டீஸ்பூன்), ஒரு ஸ்கேல், ரப்பர் பேண்டு, பலூன், ஒரு நோட்டுப் புத்தகம். சோதனைக்கு எடுத்த டம்ளரில் பிறகு யாரும் குடிக்கக்கூடாது. அதற்கென்று பழைய டம்ளர்களை ஒதுக்கிவிடுங்கள். சோதனையில் வைத்த எதையும் நக்கிப் பார்க்கக்கூடாது என்பதையும் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

மஞ்சள் சிவக்கும் கதை

1. ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளில் மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பதில், தண்ணீர் மாதிரி ஓடும், ஆல்கஹால் கலந்த கை சானிட்டைசரில் குழைத்தால் நிறம் இன்னும் நன்றாக இறங்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சானிட்டைசர் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு எரியும்போது இதைச் செய்ய வேண்டாம்.

2. வெள்ளைத் தாளில் இதைத் தடவி நிழலில் காய வைத்து, விரலளவுப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

3. டம்ளர்களில் வரிசையாக எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மோர், சமையல் சோடா கரைத்த தண்ணீர், துணி சோப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர் (அதுதான் சும்மா டம்ளர்) வையுங்கள்.

4. நனைக்கும் முன்பே எது நிறம் மாற்றும் என்று பிள்ளையை ஊகிக்கச் சொல்லி நோட்டில் எழுத வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு பட்டையை நனையுங்கள்.

சோப்புத் தண்ணீரில் பட்டை செங்காவி நிறமாகும். சமையல் சோடாவில் லேசான மாற்றம்தான் தெரியும். எலுமிச்சையிலும் புளியிலும் மோரிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். காரத்தன்மை (மிளகாயின் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான, சோப்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் தன்மை) உள்ள பொருள் பட்டால் குர்குமினின் அமைப்பு மாறி, அது ஒளியை உறிஞ்சும் விதமும் மாறுகிறது. நம் கண்ணுக்கு அது சிவப்பாகத் தெரிகிறது. சிவந்த பட்டையின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், மறுபடி மஞ்சளாகும். இந்தத் திரும்பி வருதலைப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளின் முகம் மலரும். சாம்பார் சிந்திய சட்டையில் சோப்பு போட்டதும் கறை சிவப்பது ஏன், அலசியதும் மஞ்சளுக்குத் திரும்புவது ஏன் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பாத்திரம் கழுவும் திரவத்தையும் சோதியுங்கள். அதில் பட்டை சிவக்காமல் போகலாம். அப்படிப் போனால் சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், அத்தகைய திரவங்கள் பல காரமே இல்லாமல் நடுநிலையாகத் தயாரிக்கப்படுகின்றன.

சுண்ணாம்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆரத்திச் சிவப்பைக் காட்ட ஆசையாக இருந்தால், கடுகளவு சுண்ணாம்பைப் பெரியவர்களே எடுத்துக் கரைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு டப்பாவையோ பாக்கெட்டையோ கொடுக்கவே கூடாது. பாக்கெட்டை அழுத்தும்போது தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் கண்ணைத் தொடர்ந்து கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்ய வேண்டும். சிறு பிள்ளைகளுக்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

மஞ்சள் பட்டைக்கு ஒரு குறை உண்டு. காரத்தைக் காட்டும், புளிப்பைக் காட்டாது. வெறும் தண்ணீரிலும் எலுமிச்சையிலும் ஒரே மாதிரி இருந்ததைக் கவனித்து, "அப்ப புளிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று பிள்ளை கேட்டால் செம்பருத்திச் செடிக்கு அழைத்துப் போங்கள். நாலைந்து சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களை அரை டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில் எலுமிச்சை விட்டால் பளிச்சென்ற இளஞ்சிவப்பு, சோடா போட்டால் பச்சை. வேலியோரச் சங்குப்பூவிலும் செய்யலாம். அதன் நீலச் சாறு எலுமிச்சையில் ஊதாவாகும்.

ஒரு துணைச் சோதனை. ஒரே துணியிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, இரண்டிலும் மஞ்சள் கறை வையுங்கள். ஒன்றை வெயிலில் கொடியில் போடுங்கள், இன்னொன்றை அலமாரிக்குள் வையுங்கள். சாயங்காலம் ஒப்பிட்டால் வெயிலில் கிடந்தது வெளுத்திருக்கும். குர்குமின் ஒளியில் சிதையும். சோப்புக்கு அசையாத மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டே போக்கும் பாட்டிகளின் வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

மாவு ஏன் பொங்குகிறது?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. வாரம் இரண்டு தடவை நம் வீடுகளில் நடக்கிறது, ஆனால் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இட்லி மாவு அரைத்த அன்று, உப்புப் போட்டுக் கரைத்ததும் கொஞ்சம் மாவைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று உயரமான கண்ணாடி டம்ளர்களில் சரியாகப் பாதி அளவு ஊற்றி, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்டைப் போடுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று மேடையில், ஒன்று வெதுவெதுப்பான இடத்தில் (மூடிய ஓவனுக்குள் ஒரு சொம்பு வெந்நீரோடு வைக்கலாம்). லேசாக மூடுங்கள், இறுக்கி மூட வேண்டாம். காலையில் அரைத்தால் நல்லது, பகல் முழுக்கக் கவனிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரப்பர் பேண்டிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து எழுதட்டும்.

முதல் சில மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பிள்ளைகள் சலித்துப்போய் விளையாடப் போய்விடுவார்கள், விட்டுவிடுங்கள். பிறகு மாவுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் கண்ணாடியை ஒட்டித் தெரியும். அதன்பின் ஏற்றம் வேகமாக இருக்கும். இந்த எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தால், படுத்துக் கிடந்து பிறகு எழுந்து நிற்கும் ஒரு கோடு கிடைக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளை வரையும் முதல் வரைபடம் அதுவாக இருந்தால் நன்றாயிருக்குமே!

உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள்தான் இதைச் செய்கின்றன. அவற்றில் முக்கியமானதற்கு லியூகோனோஸ்டாக் மெசென்ட்ராய்டஸ் என்று நீளமான பெயர். (பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வேகமாகச் சொல்வதே ஒரு விளையாட்டு.) மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அவை புளிப்பு அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடுகின்றன. அரைத்த உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. குளிரில் அவை சோம்பிக் கிடக்கும். மே மாதத்துச் சென்னையில் ஆறு மணி நேரத்தில் வழியும் மாவு ஊட்டியில் மறுநாளாகியும் அசையாதிருப்பது இதனால்தான்.

அடுத்த வாரம் கேள்வியை மாற்றுங்கள். அரைத்த அரிசி தனியாக ஒரு டம்ளர், அரைத்த உளுந்து தனியாக ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று. எது பொங்கும்? அதற்கடுத்த வாரம் உப்புப் போட்டதும் போடாததும். கையால் கரைத்ததும் கரண்டியால் கரைத்ததும் என்று ஒரு பழைய சண்டை எல்லா வீட்டிலும் உண்டு, அதையும் பிள்ளைகளே தீர்த்து வைக்கட்டும். முடிவு வீட்டுக்கு வீடு மாறலாம்.

வாயுவைக் கண்ணால் காட்ட வேண்டுமானால், ஒரு சிறிய பாட்டிலில் கால் பங்கு மாவு ஊற்றி, வாயில் பலூனை மாட்டி வையுங்கள். தொங்கிக் கிடக்கும் பலூன் மெல்ல நிமிரும். திருகு மூடி போட்டு இறுக்குவது ஆபத்து. புளிக்கும் எதையும், சோடா கலந்த எதையும் மூடிய பாட்டிலில் வைக்கக்கூடாது.

சோடாவும் வினிகரும்

எரிமலை என்று எல்லோரும் செய்து காட்டும் சோதனை. நுரை பொங்கும், பிள்ளைகள் கத்துவார்கள், முடிந்துவிடும். அதைவிட இப்படிச் செய்யலாம். ஐந்து பாட்டில்களில் தலா 50 மில்லி வினிகர் ஊற்றுங்கள். ஐந்து பலூன்களுக்குள் முறையே கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றரை ஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டு, பாட்டில் வாயில் மாட்டி, பலூனைத் தூக்கிச் சோடாவைக் கொட்டுங்கள். முதல் இரண்டுக்கும் பலூன் அளவில் நல்ல வித்தியாசம் தெரியும். முக்கால் ஸ்பூனுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பலூன் பெரிதாகாது. ஏன்? வினிகரிலுள்ள அமிலம் தீர்ந்துவிட்டது. மீதிச் சோடா அடியில் சும்மா கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் வினிகர் விட்டுப் பார்த்தால் மறுபடி நுரைக்கும். மேல்வகுப்பு வேதியியலில் பிள்ளைகளைத் திணறடிக்கும் ஒரு கணக்கு, பத்து வயதில் பலூன் வடிவில் புரிந்துவிடுகிறது.

இதில் உற்சாகம் வந்த பிள்ளை வீட்டிலுள்ள மற்றவற்றையும் கலந்து பார்க்க நினைக்கும். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக்கூடாது, குளோரின் என்ற நச்சு வாயு வரும். சமையல் அலமாரியில் இருப்பது மட்டுமே சோதனைக்கு, குளியலறை அலமாரியில் இருப்பது கிடையாது. எங்கள் வீட்டில் இது மாறாத சட்டம்.

கத்தரிக்காய் கறுப்பதும் வாழைப்பூவுக்கு மோரும்

வாழைப்பூ நறுக்குகிறவர்கள் பக்கத்தில் ஒரு பாத்திரம் மோரோடு உட்காருவார்கள். அது எதற்கு என்று பிள்ளையைக் கேட்க வைத்துவிட்டு, பதிலைக் கத்தரிக்காயில் தேடுங்கள், அது வேகமாகக் கறுக்கும். ஒரே காயிலிருந்து ஒரே அளவில் ஐந்து துண்டு. ஒன்று தட்டில் அப்படியே, ஒன்று தண்ணீரில், ஒன்று மோர்த்தண்ணீரில், ஒன்று எலுமிச்சை பிழிந்த தண்ணீரில். ஐந்தாவதைப் பெரியவர்கள் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துத் தட்டில் வையுங்கள். 15, 30, 60 நிமிடத்தில் பார்த்து வண்ணப் பென்சிலால் நோட்டில் நிறத்தைத் தீட்டட்டும்.

கத்தரிக்காய் மிதக்கும். மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து அமுக்குங்கள். முதல் தடவை நாங்கள் அமுக்காமல் விட்டதில் ஒரே துண்டின் மேற்பக்கம் கறுத்து, தண்ணீருக்குள் இருந்த பக்கம் வெளுப்பாக இருந்தது. காற்றுக்கும் கறுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பதை அதுவே காட்டிக் கொடுத்துவிட்டது. வெட்டுப்பட்ட இடத்தில் காயின் செல்கள் உடைந்து, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி (என்சைம்) வெளியே வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது காயிலுள்ள பீனால் பொருள்களைக் கறுப்பாக்குகிறது. தண்ணீர் காற்றைத் தடுக்கும், புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கும், கொதிநீர் நொதியையே அழித்துவிடும்.

முட்டை: ஒரு நாள், மூன்று நாள்

முட்டையைத் தொட்டபின் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முட்டை சேர்க்காத வீடு என்றால் முதல் சோதனையை ஒரு சிறிய உருளைக்கிழங்கில் செய்யலாம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போடுங்கள், மூழ்கும். உப்பை ஒவ்வொரு ஸ்பூனாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள். 250 மில்லி தண்ணீருக்கு ஐந்தாறு ஸ்பூன் ஆனதும் முட்டை மேலே வரும். இப்போது உப்புத் தண்ணீர் பாதி டம்ளர் இருக்கும்படி வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகில் படும்படி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றினால், முட்டை நடுவில் தொங்கி நிற்கும்.

நெல் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. 10 லிட்டர் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மிதந்து மேலே 25 பைசா அளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைப்பார்கள். பிறகு முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டுவார்கள். பதர் மிதக்கும், தரமான விதை அடியில் நிற்கும். அதை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி விதைப்பார்கள். அந்த உப்புக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் கருவி முட்டைதான். தாத்தா பாட்டி ஊரில் வயல் இருந்தால் ஒரு பிடி நெல் வாங்கிவந்து செய்துபாருங்கள்.

மூன்று நாள் சோதனை பொறுமை உள்ள பிள்ளைகளுக்கு. முட்டையை வினிகரில் முழுக மூழ்கவைத்து, மறுநாள் வினிகரை மாற்றுங்கள். ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வினிகரில் கரைந்து குமிழி குமிழியாக வாயுவை விடும். இரண்டு நாளில் ஓடு போய், உள்ளே மஞ்சள் கரு நிழலாடும் ஒரு மெத்தென்ற பந்து மிஞ்சும். அதைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் (ஆறிய பாகு) ஒரு நாள் வைத்தால் சுருங்கும். திரும்பத் தண்ணீரில் போட்டால் உப்பும். முட்டையின் சவ்வு தண்ணீரை மட்டும் உள்ளே வெளியே விடுகிறது. சர்க்கரையை விடுவதில்லை. உப்புப் போட்ட மாவடு நீர் விட்டுச் சுருங்குவதும் இந்த வழியில்தான். முட்டை உடைந்தால் அழுகிய வாடை வரலாம், எனவே எல்லாவற்றையும் ஒரு தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள்.

மிளகுத்தூள் ஓடும் தட்டு

ஐந்து வயதுத் தம்பி தங்கைகளும் சேர்ந்துகொள்ளக்கூடியது. அகலமான தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள். விரலில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் தடவி நடுவில் தொட்டால், மிளகு ஓரத்துக்கு ஓடும். தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி விறைப்பாக இருக்கிறது. சோப்பு பட்ட இடத்தில் அந்த விறைப்பு தளர்கிறது, சுற்றியுள்ள பரப்பு மிளகையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சும்மா விரலால் முதலில் தொட்டுக் காட்ட மறக்காதீர்கள். இரண்டாம் முறை செய்யும்போது ஓடவில்லை என்று வருத்தப்பட வேண்டாம், தண்ணீரில் ஏற்கெனவே சோப்பு இருக்கிறது. தட்டை நன்றாக அலசிப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இந்தச் சோதனையின்போது பிள்ளைகளிடம் ஆக்னஸ் பாக்கெல்ஸ் பற்றிச் சொல்லுங்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர், 1862-இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கமாட்டார்கள். உடல்நலம் இல்லாத பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் என்ன செய்கின்றன என்று வீட்டிலேயே கவனித்தார். தகரத் தொட்டி ஒன்றைச் செய்து, தராசில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டு, தண்ணீர்ப் பரப்பிலிருந்து அதைப் பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தார். 1891-இல் தன் முடிவுகளை இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அந்த இயற்பியலாளர் அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிவைக்க, அதே ஆண்டு அச்சேறியது. மேற்பரப்பு அறிவியலின் தொடக்க ஆய்வுகளில் ஒன்று கழுவுதொட்டியிலிருந்து வந்தது என்பதை என் மகளிடம் சொன்ன அன்று, அவள் தானாகவே போய்ப் பாத்திரம் கழுவினாள். அரை மணி நேரம் ஆயிற்று, இரண்டு டம்ளர்தான் கழுவியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டும் பதிலும்

நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு வரி போதும்: தேதி, என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது. ஊகம் தவறானால் எழுதியதை அழிக்கவோ திருத்தவோ விடாதீர்கள். தவறான ஊகத்துக்குப் பக்கத்தில்தான் அடுத்த சோதனை ஒளிந்திருக்கும்.

"ஏன்?" என்று கேட்டதும் பதில் சொல்லிவிட நமக்குக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். "நீ என்ன நினைக்கிற? அதை எப்படிப் பார்க்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். மோரில் போட்ட கத்தரிக்காய் ஏன் கறுக்கவில்லை என்று நான் கேட்டபோது, மோர் வெள்ளையாக இருப்பதால் என்றாள் என் மகள். மறுக்காமல் பாலில் ஒரு துண்டு போட்டுப் பார்க்கச் சொன்னேன். பால், எலுமிச்சைத் தண்ணீர், சும்மா தண்ணீர் என்று மூன்று கிண்ணம் வைத்து, ஒரு மணி நேரம் சமையலறையை விட்டு அவள் நகரவில்லை.

சோதனை முடிந்த மஞ்சள் தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் கழுவுதொட்டியில் ஊற்றிவிடலாம். உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். தனியே வைத்த மாவு டம்ளர்களை, சுத்தமான டம்ளராக இருந்தால், அன்றைய மாவோடேயே கலந்து இட்லி ஊற்றலாம். ஃபிரிட்ஜில் வைத்ததைத் தனியாக ஒரு குழியில் ஊற்றச் சொல்வாள் என் மகள். அந்த இட்லி மட்டும் தட்டையாக, கல் மாதிரி வரும். அதையும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் சட்னி கேட்பாள்.